குளிர்நாட்டுத் தண்டு, இமயத்துக் கிழங்கு: வெப்பப் பகுதிகளில் ரூபார்ப் வளர்ப்பதும் வாங்குவதும்

மேலைநாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளில் அடிக்கடி இடம்பெறும் ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டு, இந்தியாவின் பெரும்பாலான காய்கறிச் சந்தைகளில் கிடைப்பதில்லை. இணையத்தில் விதை வாங்கிச் சமவெளியில் வளர்க்க முற்படுவோர், முதல் கோடையிலேயே செடியை இழப்பது வழக்கமாக உள்ளது. எனினும் இச்செடி இந்தியாவுக்கு அந்நியமானதன்று. இதன் நெருங்கிய உறவினங்கள் காஷ்மீர் முதல் சிக்கிம் வரை இமயத்தின் உயரமான சரிவுகளில் இயற்கையாக வளர்கின்றன. அவற்றின் கிழங்கு, ரேவல்சின்னி என்ற பெயரில் தமிழகத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருகிறது.

பெயர் ஒன்றுபோல் இருப்பினும் சமையலுக்கான தண்டும் மருந்துக்கான கிழங்கும் வேறு வேறு பொருள்கள். வளர்க்க விரும்புவோரும் வாங்க விரும்புவோரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இவ்வேறுபாட்டையே. வெப்பப் பகுதியில் இச்செடியைப் பல்லாண்டுப் பயிராகக் கருதாமல், குளிர்காலத்தில் மட்டும் வளரும் ஓராண்டுப் பயிராகக் கருதினால் ஓரளவு பலன் பெறலாம் என்பது அடுத்த செய்தி.

உண்ணக்கூடியது எது?

ரூபார்ப், பாலிகோனேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாப்பரை எனப்படும் பக்வீட் தானியமும் சுக்கான் கீரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சுக்கான் கீரையைச் சுவைத்தவர்களுக்கு ரூபார்ப்பின் புளிப்பு புதிதாக இராது. மண்ணுக்கடியில் தடித்த வேர்க்கிழங்கும், மேலே யானைக்காது போன்ற அகன்ற இலைகளும் உண்டு. இலையைத் தாங்கி நிற்கும் நீண்ட, சதைப்பற்றுள்ள காம்பே உணவாகிறது. வழக்கில் இதனைத் தண்டு என்கிறோம்.

இலையை உண்ணக் கூடாது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுந்துள்ளது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுப் பற்றாக்குறையைச் சமாளிக்க ரூபார்ப் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று அறிவுரை வழங்கப்பட்டது. அதனை நம்பி உண்டவர்கள் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டனர். எந்தச் செடியின் இலையையும் கீரையாக்கிப் பார்க்கும் வழக்கமுள்ள நம் சமையலறைகளில் இந்த எச்சரிக்கை கூடுதல் கவனத்துக்குரியது. ஆடு, மாடுகளுக்கும் இவ்விலையைப் போடக் கூடாது.

தாவரவியல்படி ரூபார்ப் ஒரு காய்கறி. ஆயினும் இனிப்புப் பண்டங்களிலேயே பெரிதும் பயன்படுவதால், இறக்குமதி வரி தொடர்பான வழக்கொன்றில் 1947-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த அமெரிக்கச் சுங்க நீதிமன்றம் இதனைப் பழம் என்றே வகைப்படுத்தியது.

குளிர் ஏன் தேவை?

வெப்பம் மட்டுமே இச்செடிக்குப் பகை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சிக்கல் இரண்டு. ரூபார்ப் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து உறக்கநிலைக்குச் செல்லும் செடி. அந்த உறக்கம் கலைந்து மீண்டும் வீரியமாகத் தளிர்க்க, அதன் வேர்க்கிழங்கு போதிய காலம் கடுங்குளிரில் இருந்தாக வேண்டும். குளிர்காலச் சராசரி வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழும், கோடைச் சராசரி சுமார் 24 டிகிரிக்குக் கீழும் இருக்கும் இடங்களே இதற்கு ஏற்றவை என்பது தோட்டக்கலை நூல்கள் தரும் பொதுவான அளவு. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்று இலைகள் துவளும். அந்நிலை நீடித்தால் செடி மடியும்.

இந்த இரு எல்லைகளையும் இந்திய நகரங்களோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். சென்னையில் சனவரி மாத இரவுகளே ஏறத்தாழ 20 டிகிரி அளவில் இருக்கின்றன. பெங்களூருவில் அது 15 அல்லது 16 டிகிரி. தில்லியில் சனவரி இரவுகள் 7 டிகிரி வரை இறங்கினாலும், மே, சூன் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கிறது. சென்னையில் குளிரும் இல்லை, கோடையும் தாங்காது. தில்லியில் குளிர் ஓரளவு உண்டு, கோடை தாங்காது. இரண்டு இடங்களிலும் நிலையான ரூபார்ப் பாத்தி என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் இக்குளிர்த் தேவையையே ஒரு தொழில்நுட்பமாக மாற்றியுள்ளனர். வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட நிலப்பரப்புக்கு ரூபார்ப் முக்கோணம் என்றே பெயர். அங்கு செடிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் திறந்தவெளியில் வளர்த்து, உறைபனியில் நனையவிட்டு, பின்னர் வேரோடு தோண்டி இருண்ட கொட்டகைகளுக்குள் மாற்றுகின்றனர். ஒளி கிடைக்காத செடி, வேரில் சேமித்த சத்தைக் கொண்டே இளஞ்சிவப்பான, மென்மையான தண்டுகளை விரைவாக நீட்டுகிறது. வெளிச்சம் பட்டால் தண்டு தடித்துவிடும் என்பதால் மெழுகுவத்தி ஒளியில் அறுவடை நடைபெறும். இந்த விளைபொருளுக்கு 2010-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் பூர்விகப் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. நமது புவிசார் குறியீட்டுக்கு இணையானது அது.

குளிர் குறைந்த இடங்களுக்கென வகைகளைத் தேடிய முயற்சிகளும் உண்டு. கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் பணியாற்றிய புகழ்பெற்ற பயிர் இனப்பெருக்க வல்லுநர் லூதர் பர்பாங்க், தெற்கு அரைக்கோளத்திலிருந்து வரவழைத்த செடிகளிலிருந்து, மிதமான குளிர்காலத்திலும் தண்டு தரும் கிரிம்சன் விண்டர் என்ற வகையை 1900-ஆம் ஆண்டளவில் அறிமுகப்படுத்தினார். பிரிட்டனில் பரவலாக வளர்க்கப்படும் டிம்பர்லி எர்லி என்ற வகையும் குறைந்த குளிரிலேயே உறக்கம் கலைவது. ஆனால் இவ்வகைகளின் வேர்க்கிழங்குகள் இந்தியத் தோட்டக்காரருக்கு எளிதில் கைக்கு எட்டுவதில்லை. நமக்கு நடைமுறையில் எஞ்சுவது விதை ஒன்றே.

ஓராண்டுப் பயிராக வளர்க்கும் முறை

அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களின் வெப்பப் பகுதிகளில் பின்பற்றப்படும் முறை இது. கோடையின் முடிவில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் வளர்த்து, அடுத்த கோடை தொடங்குமுன் தண்டுகள் அனைத்தையும் அறுத்துவிட்டுச் செடியை அப்புறப்படுத்துகின்றனர். விதையிலிருந்து முளைத்த இளஞ்செடி முதல் பருவத்தில் உறக்கநிலைக்குச் சென்று எழ வேண்டியதில்லை. ஆகவே கடுங்குளிர் கட்டாயமாகாது. தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் ஆண்டுதோறும் நாற்று விடுகிறோம்; ரூபார்ப்புக்கும் அவ்வாறே செய்யலாம்.

வட இந்தியச் சமவெளிகளான தில்லி, பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகியவற்றுக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். செப்டம்பர் மாதத்தில் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் குழித்தட்டுகளில் விதைத்து, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ நிலத்துக்கோ தொட்டிக்கோ மாற்றினால், பிப்ரவரி முதல் மார்ச் இறுதி வரை தண்டுகளை எடுக்கலாம். ஏப்ரலில் வெப்பம் ஏறியதும் ஆட்டம் முடிந்தது.

பெங்களூரு போன்ற தக்காணப் பீடபூமி நகரங்களில் செடி வளரும். ஆனால் தண்டு மெலிந்திருக்கும். சென்னை, மதுரை, திருச்சி போன்ற இடங்களில் இம்முயற்சிக்குச் செலவிடும் உழைப்புக்கு ஈடான விளைச்சல் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. விதை விற்பனை விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை.

விதைக்கு விக்டோரியா, கிளாஸ்கின்ஸ் பெர்பெச்சுவல் ஆகிய இரு பழைய வகைகள் நம்பகமானவை. பின்னது முதலாண்டிலேயே தண்டு எடுக்க ஏற்றது. உண்மையான ரூபார்ப் விதை பழுப்பு நிறத்தில், மூன்று பக்கமும் மெல்லிய சிறகு போன்ற விளிம்புடன், காகிதம்போல் இலேசாக இருக்கும். தக்கை போன்ற கரடுமுரடான உருண்டைகளாக வந்தால் அது ரூபார்ப் அன்று. பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சார்ட் கீரையின் விதை. சிவந்த தண்டுடைய சார்ட் வகை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ரூபார்ப் சார்ட் என்ற பெயரே இருப்பதால் இக்குழப்பம் தொடர்கிறது. அந்தக் கீரையும் உண்ணத்தக்கதே. ஆனால் அதில் புளிப்பு இராது.

விதையைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முளைக்கும். விதைக்கன்றுகள் தாய்ச்செடியைப் போலவே அமைவதில்லை. ஒரே பொட்டலத்திலிருந்து சிவந்த தண்டும் பச்சைத் தண்டும் வரக்கூடும். சிறிது கூடுதலாக விதைத்து, வலுவான நாற்றுகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வெப்பப் பகுதியில் இச்செடியைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்த இடம், சில வேளைகளில் முதலிடம், வேரழுகலுக்கு உண்டு. வெதுவெதுப்பான ஈரமண்ணில் பூசணங்கள் வேர்க்கிழங்கின் தலைப்பகுதியைத் தாக்கும். இலை மஞ்சளாகிச் சாயும்போது அடியில் எல்லாம் முடிந்திருக்கும். எனவே மேட்டுப் பாத்தியோ, அடியில் தாராளமாகத் துளையிட்ட பெரிய தொட்டியோ அவசியம். தொட்டி குறைந்தது 40 லிட்டர் கொள்ளளவும் முழங்கை ஆழமும் கொண்டிருக்க வேண்டும். நன்கு மட்கிய தொழு உரமும் மண்புழு உரமும் தாராளமாகச் சேர்க்கலாம். இச்செடி பெருந்தீனிக்காரச் செடி. தென்னை நார்க்கழிவை அளவோடு கலக்க வேண்டும். மிகுந்தால் ஈரம் தேங்கும். சற்றுப் புளிப்பான மண் ஏற்றது. நடும்போது செடியின் தலைப்பகுதி மண்ணுக்குள் புதையாமல் மேல்மட்டத்தில் இருப்பதும், மூடாக்கு அதனைத் தொடாமல் ஒதுங்கியிருப்பதும் முக்கியம்.

ஓராண்டுப் பயிருக்குச் செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி போதும். காலை வெயில் நேரடியாகவும் பிற்பகல் வெயில் நிழல்வலைக்கு ஊடாகவும் விழுமாறு அமைத்தால், பருவத்தை இரண்டொரு வாரம் நீட்டிக்கலாம். நடுவிலிருந்து பூந்தண்டு எழுந்தால் உடனே ஒடித்துவிட வேண்டும். விட்டால் செடியின் வலுவெல்லாம் விதைக்குச் செல்லும்.

தண்டைக் கத்தியால் வெட்டுவதைவிட, அடியில் பிடித்து இலேசாகத் திருகி இழுப்பதே முறை. வெட்டினால் எஞ்சும் அடிக்கட்டை அழுகத் தொடங்கும். பருவம் முடியும் வரை ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. வெப்பத்தில் வளர்ந்த தண்டு பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். சிவப்பு நிறமிகள் குளிரில்தான் நன்கு உருவாகின்றன. பச்சைத் தண்டு பழுக்காதது என்று கருதிக் காத்திருப்போர் நல்ல அறுவடையை வீணாக்குகின்றனர். நிறத்துக்கும் பக்குவத்துக்கும் தொடர்பில்லை.

உதகையும் கொடைக்கானலும்

தென்னிந்தியாவில் இச்செடியைப் பல்லாண்டுப் பயிராகக் காப்பாற்றக்கூடிய இடங்கள், உதகை, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டரைக் கடந்த மலைப்பகுதிகளே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியப் பயிர்களை நீலகிரியில் ஊன்றியதற்கும் இந்தத் தட்பவெப்பமே காரணம். உதகையில் கோடையின் உச்சத்திலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்குள் அடங்குவதால் செடி வெயிலில் மடிவதில்லை. டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி படிவதும் உண்டு.

ஆனால் அதே நாள்களில் பகல் வெயில் 20 டிகிரியை எட்டிவிடுவதால், யார்க்சயரில் கிடைப்பது போன்ற முழுமையான, இடைவிடாத குளிர் கிடைப்பதில்லை. செடி அரைத்தூக்கத்தில் இருந்து எழும். தண்டுகள் ஆண்டுதோறும் ஒரே சீராக வருவதில்லை. இருமுறை வரும் பருவமழையே அங்கு பெரிய இடர். சரிவான நிலமும் வடிகாலும் உள்ளவர்கள் முயலலாம். சிம்லா, முசோரி போன்ற இமய அடிவார மலை நகரங்களில் குளிர் கூடுதல் என்பதால் வாய்ப்பும் கூடுதல்.

இமயத்தின் சொந்தச் செடி

இந்தியாவில் இயற்கையாக வளரும் ரூபார்ப் இனங்களில் பரவலானது ரியம் ஆஸ்ட்ரேல். பழைய நூல்கள் இதனை ரியம் எமோடி என்று குறிக்கின்றன. எமோடி என்பது இமயத்தைக் குறித்த பண்டைய கிரேக்க, இலத்தீன் வழக்கிலிருந்து வந்தது. ரூபார்ப் கிழங்கில் மலமிளக்கும் வேதிப்பொருள்களில் ஒன்றான எமோடின், இச்செடியின் பெயரையே தாங்கி நிற்கிறது. ரியம் வெப்பியானம், ரியம் மூர்கிராஃப்டியானம் முதலிய வேறு இனங்களும் உண்டு.

ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. காஷ்மீரில் பம்ப்சாலன், லடாக்கில் லச்சு, இமாசலத்தில் சுக்ரி, உத்தராகண்டில் டோலு அல்லது அர்ச்சா என வழங்குகிறது. மலைவாழ் மக்கள் இளந்தண்டைத் தோலுரித்துப் பச்சையாக உண்கின்றனர், துவையலாகவும் அரைக்கின்றனர். கிழங்கிலிருந்து கிடைக்கும் மஞ்சள் சாயம் கம்பளிக்கும் தரைவிரிப்புகளுக்கும் நிறமேற்றப் பயன்பட்டு வந்துள்ளது.

சிக்கிமில் 4,000 மீட்டருக்கு மேல் வளரும் ரியம் நோபிலே தனிக் கதை. வெறும் பாறைச் சரிவில் ஓர் ஆள் உயரத்துக்கு வெளிர்மஞ்சள் கோபுரம்போல் அது நிற்கும். பூக்களை மூடியுள்ள ஒளி ஊடுருவும் மென்மடல்கள் கண்ணாடிக் குடில்போல் செயல்பட்டு, உள்ளே வெப்பத்தைத் தக்கவைத்து, கடும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கின்றன. 1848 முதல் 1850 வரை சிக்கிம் பகுதியில் பயணம் செய்த தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உள்ளூர் மக்கள் சுகா என்று அழைத்து, புளிப்பான அதன் தண்டை உண்பதையும் அவர் பதிவு செய்தார்.

தண்டைப் பறித்தால் செடி வாழும். கிழங்கைத் தோண்டினால் செடி முடியும். இமயத்து ரூபார்ப்பின் இன்றைய நெருக்கடி இதில்தான் உள்ளது. மருந்துச் சந்தைக்குத் தேவைப்படுவது கிழங்கு. அது பயன்படத்தக்க அளவு பருக்க மூன்று, நான்கு ஆண்டுகளாவது ஆகும். காட்டிலிருந்து தோண்டி எடுப்பதே எளிது என்பதால், பல சரிவுகளில் செடி அருகிவிட்டது; இமயப் பகுதிக்கான பாதுகாப்பு மதிப்பீடுகளில் அழிவு அச்சுறுத்தல் உள்ள மருத்துவத் தாவரங்களின் வரிசையில் இது இடம்பெறுகிறது. உத்தராகண்டின் ஸ்ரீநகரில் உள்ள ஹேமவதி நந்தன் பகுகுணா கட்வால் பல்கலைக்கழகத்தின் உயர்மலைத் தாவர உடலியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்கள், இத்தகைய உயர்மலை மூலிகைகளைத் தோட்டப்பயிராக வளர்க்கும் வழிகளை ஆராய்ந்து வருகின்றன.

ரேவல்சின்னி: பெயரும் குழப்பமும்

பாரசீகத்தில் இக்கிழங்குக்கு ரேவந்த் என்று பெயர். சீனத்திலிருந்து வந்த உயர்தரச் சரக்கு ரேவந்த் சீனி எனப்பட்டது. அச்சொல்லே தமிழில் ரேவல்சின்னி, இரேவற்சின்னி என்று வழங்குகிறது. ஐரோப்பாவிலும் இது தண்டுக்காக அன்று, கிழங்குக்காகவே முதலில் அறியப்பட்டது. சீனக் கிழங்கு பட்டுப்பாதை வழியாகவும், உருசிய எல்லையில் இருந்த கியாக்தா சந்தை வழியாகவும், பின்னர் கான்டன் துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியாகவும் சென்றது. 1839-ஆம் ஆண்டு அபினி வணிகத்தை எதிர்த்து விக்டோரியா அரசிக்கு மடல் எழுதிய சீன அதிகாரி லின் சேசூ, தேயிலையும் ரூபார்ப்பும் இன்றி வெளிநாட்டினர் ஒரு நாளும் வாழ முடியாது என்ற பொருளில் வாதிட்டார். தண்டை இனிப்பாகச் சமைக்கும் வழக்கம், சர்க்கரை மலிந்த 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே பிரிட்டனில் பரவியது.

நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி கேட்டால் கிடைப்பது உலர்ந்த, மஞ்சள்கலந்த பழுப்புக் கிழங்குத் துண்டு. அது மலமிளக்கி, சமையல் பொருளன்று. இதனைப் பொடித்து இனிப்புப் பண்டத்தில் சேர்ப்பது பெருந்தவறு. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் ஆகியோர் மருத்துவர் அறிவுரையின்றி இதனைத் தொடக் கூடாது. நாட்பட்ட பயன்பாடு எவருக்கும் ஏற்றதன்று.

இன்னும் கவனம் தேவைப்படும் ஒன்று உண்டு. ரேவல்சின்னிப் பால் என்று வழங்கப்படும் மஞ்சள் பிசின் ரூபார்ப்பிலிருந்து வருவதே அன்று. அது குடம்புளியின் உறவான ஒரு மர இனத்தின் பிசின். ஓவியர்கள் மஞ்சள் வண்ணத்துக்குப் பயன்படுத்தியது. கடுமையான பேதியை உண்டாக்கும். பெயர் ஒற்றுமையால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கொள்வது ஆபத்தில் முடியும்.

தண்டு வாங்குவோர் கவனத்துக்கு

வடக்கு அரைக்கோளத்தில் திறந்தவெளி ரூபார்ப்பின் பருவம் ஏப்ரல் முதல் சூன் வரை. இருட்டுக் கொட்டகையில் வளர்ந்தது சனவரி முதல் மார்ச் வரை. காஷ்மீர், லடாக் செல்வோர் மலையில் பனி உருகிய பின்னரான வாரங்களில் உள்ளூர்த் தண்டைக் காண வாய்ப்புண்டு. பெருநகரங்களில் இறக்குமதிக் காய்கறி விற்கும் கடைகளும் இணையவழி விற்பனையாளர்களும் அவ்வப்போது தருவிக்கின்றனர்; விலை மிகுதி, வரத்து நிச்சயமற்றது. உறையவைத்த துண்டுகளும், சர்க்கரைப் பாகில் அடைத்த டின்களும் சில வேளைகளில் கிடைக்கும். வேகவைத்தே உண்ணப் போகிறோம் என்பதால், நாள்பட்டு வாடிய புதிய தண்டைவிட உறையவைத்த துண்டே மேல்.

புதிய தண்டை வளைத்தால் முறுக்கான ஒலியுடன் ஒடிய வேண்டும். வெட்டுமுனை உலர்ந்தோ பழுப்பேறியோ இருந்தால் தவிர்க்கலாம். மிகத் தடித்தவை நாராக இருக்கும். இலை ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்தவுடன் வெட்டி எறிந்துவிட வேண்டும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். துண்டு போட்டு உறைநிலையில் வைத்தால் பல மாதங்கள் கெடாது.

வெளிநாட்டில் வாழும் உறவினர் வழியாக விதையோ வேர்க்கிழங்கோ கொண்டுவர எண்ணுவோர் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடவுப் பொருள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் ஒரு கிழங்கு, மண்ணோடு புதிய நோயையும் கொண்டுவரக்கூடும்.

அடுப்பில்

100 கிராம் பச்சைத் தண்டில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீரே. ஆற்றல் 21 கிலோகலோரி மட்டும். வைட்டமின் கே ஓரளவு உண்டு. கால்சியம் இருப்பினும், ஆக்சாலிக் அமிலத்தோடு பிணைந்திருப்பதால் உடலுக்கு அதிகம் கிட்டுவதில்லை. இலை அளவுக்கு இல்லாவிடினும் தண்டிலும் ஆக்சாலேட் கணிசமாக உள்ளது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதனைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் தயிர், பால் பொருள்களோடு சேர்த்து அளவாக உண்ணலாம். மேலைநாட்டினர் கஸ்டர்டோடு உண்பது சுவைக்காக ஏற்பட்ட வழக்கம் எனினும் பொருத்தமானதே.

அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத செம்பு ஆகிய பாத்திரங்களைத் தவிர்த்து எவர்சில்வரில் சமைக்க வேண்டும். புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஒரு கிலோ தண்டைச் சிறு துண்டுகளாக்கி, 200 முதல் 250 கிராம் சர்க்கரையும் இரண்டு கரண்டி நீரும் சேர்த்துச் சிறுதீயில் வைத்தால் பத்து நிமிடத்தில் குழையும். வெல்லமும் சுக்கும் சேர்த்து, கடுகு தாளித்து, மாங்காய்ப் பச்சடி போலச் செய்தாலும் நன்கு பொருந்தும். ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றோடு சேர்த்து ஜாம் காய்ச்சலாம்.

தண்டு கிடைக்காதவர்களுக்கு மாற்றுகள் நம் தோட்டத்திலேயே உள்ளன. புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த புல்லிவட்டம், அதாவது ரோசெல்லே எனப்படும் பகுதி, நிறத்திலும் புளிப்பிலும் ரூபார்ப்புக்கு மிக அருகில் வருவது, வெப்பத்தில் செழிப்பது. அரைநெல்லி, பச்சை மாங்காய் ஆகியவையும் இனிப்புப் பண்டங்களில் இதே வேலையைச் செய்யும். பிலிம்பி எனப்படும் புளிச்சக்காயையும் சமையலில் சேர்க்கலாம். ஆனால் அதிலும் ஆக்சாலேட் மிகுதி. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைச் செறிவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் கேரளத்திலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குழம்பில் ஓரிரு காய் போடுவதற்கும் கோப்பை கோப்பையாகச் சாறு குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு ரூபார்ப்புக்கும் பொருந்தும்.